புயலுக்கு முன் நட்ட கல்

ரூத்லின் முகாமுக்கு வரப்போவதில்லையாம், கல்லோடு சேர்த்துத் தன்னையும் கயிற்றால் கட்டிக்கொள்ளப் போகிறாளாம் என்று ரொட்டிக் கடையில் பேசிக்கொண்டார்கள். கடைக்காரி அதை வேன் ஓட்டுகிறவன் சொல்லிக் கேட்டிருந்தாள். அவன் படகுத்துறையில் கேட்டிருந்தான். துறையில் முதலில் சொன்னது யார் என்று யாருக்கும் தெரியவில்லை.

நான் ரூத்லினின் வீட்டுப் பின்னறையில் பல வருடங்களாக வாடகைக்கு இருப்பவன். அன்று விடிந்ததும் அவள் போட்டுக் கொடுத்த கொக்கோவைக் குடித்துவிட்டுத்தான் கடைக்கு வந்திருந்தேன். அப்படி ஒரு பேச்சே அவள் வாயிலிருந்து வரவில்லை.

"என்ன வாத்தியாரே, வீட்டுக்காரம்மா புருஷன் கல்லைக் கட்டிப் புடிச்சிக்கிட்டு கடலுக்குள்ள எறங்கப் போறாங்களாமே? நீங்களும் கூடப் போறீங்களா?" என்றாள் கடைக்காரி.

"எனக்கு நீச்சல் தெரியாது."

"கல்லுக்கு மட்டும் தெரியுமாக்கும்?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மறுநாள் காலையில் புயல் நேராக எங்கள் காரியாக்கூ தீவின் மேல் ஏறும் என்று வானொலி விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது. அதையும் பாதிப் பேர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார்கள். கடைசி நேரத்தில் வடக்கே திரும்பிவிடும், நம் தீவு அதன் கண்ணுக்கே தெரியாது என்றார் ஒரு பெரியவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதற்கும் முன்கூட்டியே பயப்படுகிறவன் நான் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஊரில் முதல் ஆளாகத் தண்ணீர் பிடித்து வைத்தவன், டார்ச்சுக்கு பேட்டரி வாங்கி அடுக்கியவன், துணிமணியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கட்டியவன். ஆனால் அந்த நேரம் என்னைப் பயமுறுத்தியது புயல் அல்ல. ரூத்லின் அப்படிச் செய்யக்கூடியவள்தான் என்பதுதான்.

அவள் எங்கள் பள்ளிக்கூடத்துச் சமையல்காரி. கனத்த உடம்பு, அவசரமே தெரியாத நடை. மதிய மணியை பியூன் அடித்தால் பிள்ளைகள் நகரமாட்டார்கள். ரூத்லின் கரண்டியால் அண்டாவைத் தட்டினால்தான் ஓடுவார்கள். தீவின் அந்தப் பக்கத்தில், படகு கட்டுகிற ஊரில் பிறந்தவள். காஸ்மஸைக் கல்யாணம் செய்துகொண்டு இந்தக் கரைக்கு வந்தாள். காஸ்மஸ் சரக்குப் படகில் வேலை பார்த்தவர். ஆட்டையும் எலுமிச்சையையும் டிரினிடாடுக்கு ஏற்றிப் போய், சிமெண்டும் ஃப்ரிட்ஜும் ஏற்றி வருவார். படகு நிலமுனையைச் சுற்றித் திரும்பும்போதே இஞ்சின் சத்தத்தை வைத்து ரூத்லின் உலையேற்றிவிடுவாள். அவர்களுக்கு ஒரே மகன், கெண்டல்.

கெண்டல் இளைஞனாக இருந்தபோது சுற்றிப் பார்க்கப் போவதாகச் சொல்லி அமெரிக்காவில் புரூக்ளினுக்குப் போனவன். போனவன் அங்கேயே தங்கிவிட்டான். அங்கே தங்குவதற்கான காகிதம் இன்னும் கைக்கு வரவில்லை. ஒரு முறை வெளியே கால் வைத்தால் திரும்ப உள்ளே போக முடியாது. அங்கே அவனுக்கு மனைவி, பள்ளிக்குப் போகிற மகள் எல்லாம் இருக்கிறார்கள். காஸ்மஸ் துறையில் சிமெண்ட் மூட்டை இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து, அங்கேயே போய்விட்டார். கெண்டலால் வர முடியவில்லை. அடக்கத்தை போனில்தான் பார்த்தான். போனைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். "மண்ணு போடும்போது இன்னும் கொஞ்சம் கிட்டக் கொண்டு போங்க சார்" என்றான். கொண்டுபோனேன். மண் விழுகிற சத்தம் கேட்டது.

எங்கள் தீவில் மண் போடுவதோடு சாவு முடிந்துவிடாது. பிறகு ஒரு நாள் தலைமாட்டில் கல் நட வேண்டும். ஆடு வெட்டி, மேளம் அடித்து, இறந்தவருக்கென்று ஒரு தட்டில் உப்பில்லாமல் சோறு எடுத்து வைத்து, வீட்டிலிருந்து கல்லைத் தூக்கிப்போய், ரம்மும் தண்ணீரும் தெளித்து நட்டால்தான் அவர் போய்ச் சேர்ந்தார் என்று அர்த்தம். அதுவரை வாசலில் நிற்பார். தூக்கத்தில் வந்து கேட்பார். எந்த நாட்டில் இருந்தாலும் பிள்ளைகள் அதற்கு வந்துவிடுவார்கள். பிள்ளைகளுக்காக வருடக்கணக்கில் காத்துக் கிடக்கிற கற்களும் உண்டு.

காஸ்மஸின் கல்லை வாங்கி அனுப்பியது கெண்டல்தான். கறுப்புப் பளிங்கு. டிரினிடாடில் எழுத்து வெட்டி, காஸ்மஸ் வேலை பார்த்த அதே படகில் வந்து இறங்கியது. பெயர், அதன் கீழே ஒரு பாய்மரப் படகு, அதற்கும் கீழே 'மனைவி ரூத்லினும் மகன் கெண்டலும் நட்டது' என்று ஒரு வரி.

"நான் வர்ற வரைக்கும் நடக்கூடாதும்மா. மண்ணுதான் போட முடியல. கல்லையாவது என் கையால வெக்கணும்" என்றான் கெண்டல். ரூத்லின் சத்தியம் செய்து கொடுத்தாள்.

அன்றிலிருந்து அந்தக் கல் முன்னறையில், இரண்டு மரக்கட்டைகளின் மேல், வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தது. வருகிறவர்கள் அதைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுவார்கள். யாராவது மறந்துபோய் அதன் மேல் டம்ளரை வைத்துவிட்டால் ரூத்லின் ஒன்றும் சொல்லமாட்டாள். டம்ளரை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவாள். செத்தும் ஹாலை விட்டு நகராத ஆள் காஸ்மஸ் என்று ஊரில் கேலி செய்தார்கள். அவர் அவளுடைய கனவில் வந்துகொண்டிருந்தார். ஈரச் சட்டையோடு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வேலிக்கு வெளியே நிற்பாராம். "ரூத், எவ்வளவு நேரம்தான் நிக்கிறது?" என்று கேட்பாராம். "பையன் வரட்டும்" என்று இவள் சொல்வாளாம். வேலியை விட்டு நகரமாட்டாராம்.

ஒரு தடவை நானே கேட்டேன். "நட்டுடலாமே மிஸ் ரூத். அவன் வரும்போது இன்னொரு விருந்து வெச்சுக்கிட்டாப் போச்சு."

அவள் வாழைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள்: "கல்லு வீட்டுல கெடந்தா அவன் வந்துதானே ஆகணும் வாத்தியாரே. நட்டுட்டா அப்புறம் எதுக்கு வருவான்? என் சாவுக்கா?"

அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

ரொட்டியோடு நான் திரும்பி வந்தபோது ரூத்லின் ஏணி மேல் நின்று, கூரையிலிருந்து தொட்டிக்கு இறங்கும் குழாயைக் கழற்றிவிட்டு, தொட்டியின் வாயில் துணி அடைத்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கு ஆறு இல்லை. கூரையில் விழுந்து தொட்டியில் சேருகிற மழைதான் குடிதண்ணீர். புயலில் கடல் பறந்து வந்து கூரை மேல் விழும். அந்த உப்பு தொட்டிக்குள் இறங்கிவிட்டால் பிறகு வாயில் வைக்க முடியாது.

"வேடிக்கை பாக்காம ஏணியைப் புடிங்க" என்றாள்.

பிடித்தேன். "ஊர்ல என்னென்னமோ பேசிக்கிறாங்க மிஸ் ரூத்."

"பேசட்டும். ஜன்னலுக்குப் பலகை அடிக்கலாம். ஊர் வாய்க்கு அடிக்க முடியுமா?"

"முகாமுக்கு வருவீங்கல்ல?"

துணியை இன்னும் அழுத்திச் செருகினாள். "நீங்க போங்க. பையெல்லாம் முந்தாநாளே கட்டி வெச்சுட்டீங்களே, பாத்தேன்."

"நீங்க?"

"அந்த மனுஷன விட்டுட்டு நான் எப்படி வர்றது?"

கடையில் சொன்னது முழுப் பொய்யில்லை. அவள் வீடு மணல் மேல் நிற்கிற வீடு. பின்வாசலில் உட்கார்ந்தால் பெரிய அலையின் நுரை காலைத் தொடும். கடல் கதவுக்கு மேலே ஏறும் என்று வானொலியில் அப்போதும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சுவர் விழுந்து, மணல் வாரி மூடிவிட்டால் அந்தக் கல் எந்தப் பக்கம் போனது என்று தேடக்கூட முடியாது. வீட்டில் அவள் இருந்தாலும் அதுதான் நடக்கும், இல்லாவிட்டாலும் அதுதான் நடக்கும். அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

எனக்குப் பதிலாக எல்மீனா வந்து சொன்னாள். எல்மீனா காஸ்மஸின் தங்கை. ஒல்லியான தேகம், வீதி முனையிலிருந்தே கேட்கிற குரல். தன் ஆடுகளைக் கயிறு அவிழ்த்து மேட்டுப் பக்கம் விரட்டிவிட்டு நேராக வந்திருந்தாள்.

"ரூத்து! ஏணி மேலயே குடித்தனம் நடத்தப் போறியா? கீழ எறங்குடி."

"எறங்கி என்ன செய்ய?"

"என்ன செய்யவா? எங்கண்ணன் உசுரோட இருந்தப்பவே ஒன்னைக் காவல் காக்கச் சொல்லல. இப்ப சொல்லப் போறானா? 'அடி கிறுக்கி, மேட்டுக்கு ஓடு'ன்னுதான் கத்துவான். எனக்குத் தெரியாதா அவனை?"

"கல்லையும் முகாமுக்குத் தூக்கிட்டுப் போயிடலாமே" என்றேன் நான்.

இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அதுக்கும் ஒரு கட்டில் கேட்டு வாங்கித் தருவீங்களா வாத்தியாரே?" என்றாள் எல்மீனா. "எங்க குடும்பத்துல வீட்டை விட்டு வெளிய வந்த கல்லு கல்லறையிலதான் எறங்கணும். நடுவுல வேற எங்க வெச்சாலும் அந்த வீட்டுக்கு இன்னொரு கல்லு வேணும்னு அர்த்தம்." பிறகு குரலை இறக்கினாள். "ரூத்து, இன்னைக்கே நட்டுடு."

ரூத்லின் மெதுவாக இறங்கி, கடைசிப் படியில் உட்கார்ந்தாள். ஏணி முனகியது.

"கெண்டலுக்கு வார்த்தை குடுத்திருக்கேன்."

"குடுத்த. நாளைக்குக் கடல் வந்து கல்லை வாரிக்கிட்டுப் போனப்புறம் எதை வெச்சு அந்த வார்த்தையைக் காப்பாத்துவ? மேட்டுல எங்கண்ணன் தலைமாட்டுல இருந்தா கல்லாவது மிஞ்சும்."

"அவனைக் கேக்கணும்."

"கேளு. யார் வேணாம்னது?"

ரூத்லின் போனை எடுத்தாள். கெண்டல் இறைச்சிக் கிடங்கு ஒன்றில் குளிர் அறைக்குள் வேலை பார்க்கிறவன். உள்ளே போகும்போது போனை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். அடித்து அடித்து நின்றது. மறுபடியும் போட்டாள். செய்தி சொல்லச் சொல்லி ஒரு பெண் குரல் கேட்டதும், ரூத்லின் எழுந்து நின்று, பெரிய இடத்தில் பேசுகிற மாதிரி, "நான் அம்மா பேசுறேன். பாத்த ஒடனே கூப்புடு" என்றாள்.

கூப்பிடுகிற வரை சும்மா உட்கார அவளுக்குத் தெரியாது. ஃப்ரீசரைத் திறந்து உள்ளே இருந்ததையெல்லாம் மேசை மேல் எடுத்து வைத்தாள். புயல் வருகிறது என்றால் ஊரே அதைத்தான் செய்யும். மின்சாரம் போனால் எல்லாம் அழுகிவிடும், அதனால் இருக்கிற இறைச்சி மீன் அனைத்தையும் அன்றே சமைத்துவிடுவார்கள். ஆட்டுக்கறி வெந்தது. சங்குக் கறி வெந்தது. துவரை வெந்தது. போன் அடுப்புப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தது. ஒவ்வொரு முறை கரண்டியை வைக்கும்போதும் அதைப் பார்த்தாள்.

மத்தியானத்துக்குப் பிறகு கொத்தனார் ஆஸ்பர்ட் வாளியும் கரண்டியுமாக வந்து வாசலில் நின்றார். எல்மீனா சொல்லி அனுப்பியிருந்தாள்.

"மிஸ் ரூத், இப்ப சொன்னா உண்டு. எனக்கும் ஒரு கூரை இருக்கு, அதைக் கயிறு போட்டுக் கட்டணும். வானத்தைப் பாத்தீங்களா?"

பார்த்தோம். காற்றே இல்லை. உயரத்தில் மட்டும் வெள்ளை இழைகள் கிழக்கேயிருந்து விரிந்து வந்துகொண்டிருந்தன. கடலில் நுரை கிடையாது. நீளமான அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து கரையில் பொத்துப் பொத்தென்று விழுந்தன. ஒரு பறவை இல்லை.

ரூத்லின் இன்னொரு முறை போன் போட்டாள். அடித்து நின்றது. போனை ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டு முன்னறைக்குப் போனாள். வெள்ளைத் துணியை மடித்து வைத்தாள். ஈரத்துணியால் கல்லைத் துடைத்தாள். பெயரைத் துடைத்தாள், படகைத் துடைத்தாள், கடைசி வரிக்கு வந்ததும் கை நின்றது. 'மகன் கெண்டலும்' என்ற எழுத்துகளின் பள்ளத்தில் இருந்த தூசியை விரல் நகத்தால் எடுத்தாள்.

"தூக்குங்க" என்றாள்.

சதுப்புக் காட்டுக்குள் படகுகளைக் கொண்டுபோய் மரவேர்களில் கட்டிவிட்டுத் திரும்பிய ஆட்கள், முழங்கால் வரை சேற்றோடு அப்படியே வந்து தூக்கினார்கள். முன்னால் எல்மீனா ஒரு கையில் தண்ணீரும் ஒரு கையில் ஜாக் அயர்னுமாகத் தெளித்துக்கொண்டு நடந்தாள். பனிக்கட்டியைப் போட்டால் மிதக்காமல் அடியில் போய்ப் படுத்துக்கொள்கிற ரம் அது. வழியெல்லாம் அதன் நெடி. மேளக்காரர்கள் யாரும் இல்லை. தோலில் ஈரம் படக்கூடாதென்று மேளங்களைத் துணியில் சுற்றி எங்கேயோ வைத்துவிட்டு, அவரவர் வீட்டுக்குப் பலகை அடிக்கப் போயிருந்தார்கள். ஒருவன் ஆஸ்பர்ட்டின் காலி வாளியைத் தட்டிக்கொண்டு வந்தான். மேட்டுச் சரிவு முழுக்கச் சுத்தியல் சத்தமாக இருந்தது. கல் ஒரு வீட்டைத் தாண்டும்போது அந்த வீட்டில் சுத்தியல் நிற்கும். ஏணியில் இருப்பவர் தொப்பியைக் கழற்றுவார். நாங்கள் தாண்டியதும் பின்னால் மறுபடி அடிக்க ஆரம்பிக்கும்.

காஸ்மஸை அடக்கம் செய்த குடும்ப நிலம் மேட்டின் தோளில், வெள்ளைச் செடார் மரங்களுக்கு நடுவில் இருக்கிறது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் பின்னாலேயே சட்டியும் பானையுமாக ஊர் வந்துவிட்டது. எல்லா வீட்டிலும் ஃப்ரீசர் காலியாகியிருந்தது, எல்லா வீட்டிலும் தின்ன ஆள் போதாமல் சோறு இருந்தது. அப்படி ஒரு விருந்தை நான் அந்தத் தீவில் பார்த்ததில்லை. இறாலும் பன்றிக்கறியும் கிறிஸ்துமஸுக்கென்று யாரோ பதுக்கி வைத்திருந்த வான்கோழியும் வந்தன.

"காஸ்மஸ் மாதிரி அதிர்ஷ்டக்காரன் உண்டா? ஒரு ஆட்டைக் கூட வெட்டாம ஊர் ஃப்ரீசர் முழுக்கச் சாப்பிடுறான் பாரு" என்றான் ஒருவன்.

"உசுரோட இருக்கும்போதும் அடுத்தவன் தட்டுலதான் கை வெப்பான்" என்றாள் எல்மீனா. சிரித்தார்கள். அவளே அதிகமாகச் சிரித்து, சிரிப்பிலேயே அழுதாள். எல்மீனாவின் மகள் ஷானிக்கா ஓரமாக நின்று எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பர்ட் குழி தோண்டி, கல்லை நிறுத்தி, சிமெண்டைக் கொட்டத் தயாரானார். அப்போது இறந்தவரின் மூத்த பிள்ளை கல்லின் தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எல்லோரும் ரூத்லினைப் பார்த்தார்கள். அவள் போய்க் கல்லின் இரண்டு தோளிலும் கை வைத்தாள்.

"இந்தக் கை என்னோடது" என்றாள். "இது கெண்டலோடது."

சிமெண்ட் விழுந்தது. அவள் குனிந்து, கல்லின் காதில் சொல்வது போலச் சொன்னாள்: "இனிமே வேலிக்கு வெளிய நிக்காதீங்க. செருப்பப் போட்டுக்கிட்டுக் கெளம்புங்க."

வாளியைத் தட்டியவன் கூட நிறுத்திவிட்டான்.

உப்பில்லாத சோற்றுத் தட்டைத் தலைமாட்டில் வைத்தார்கள். ஆஸ்பர்ட் கையைக் கழுவிக்கொண்டே, "இது இறுகறதுக்கு ரெண்டு நாளாவது வேணும். நாளைக்கே மழை. என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது" என்றார். படகுகளைக் கட்டிவிட்டு வந்த ஆட்கள் மிச்சமிருந்த கயிற்றைக் கொண்டுவந்து, கல்லின் இரண்டு பக்கமும் கட்டைகள் முட்டுக் கொடுத்து, செடார் மரத்தின் தூரில் இழுத்துக் கட்டினார்கள்.

"முடிச்சு சரியில்லன்னு திட்டுவாரு காஸ்மஸ்" என்றான் ஒருவன்.

"திட்டட்டும். எழுந்து வந்து கட்டிக்கச் சொல்லு" என்றான் இன்னொருவன்.

கல் இல்லாத வீட்டில் படுப்பதற்கு ரூத்லினுக்கு இனி காரணம் எதுவும் இல்லை. பொழுது இறங்குவதற்குள் முகாம் இருந்த மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டோம். கருங்கல் சுவர் வைத்த பழைய கட்டடம்; அதன் சமையலறை அவளுடையதுதான். முகாமுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அவளே பரிமாறினாள். இடையிடையே போன் போட்டாள். தீவில் இருக்கிற அத்தனை பேரும் வெளிநாட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்ததால் லைன் கிடைக்கவில்லை.

விடிந்தபோது கடலும் வானமும் ஒரே நிறத்தில் இருந்தன. காற்று முதலில் கதவிடுக்கில் விசில் அடித்தது, பிறகு கதவையே தள்ளிப் பார்த்தது. பெஞ்சுகளை இழுத்துப் போட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார்கள். எங்கேயோ ஒரு தகரம் கழன்று, சாலையெல்லாம் உருண்டு போகிற சத்தம் கேட்டது. யாருடைய கூரை என்று பேசிக்கொண்டார்கள்.

ரூத்லின் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "ராத்திரி அவரு வரல வாத்தியாரே" என்றாள். "இத்தனை வருஷத்துல இப்பதான் ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கினேன். போயிட்டாரு போல." அதில் நிம்மதி இருந்ததா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

அப்போது என் போன் அடித்தது. கெண்டல்.

"சார், நான் பாத்தது நெசமா?"

"கெண்டல், இங்க காத்து ஆரம்பிச்சிடுச்சு..."

"அம்மா நல்லாருக்காங்களா?"

"இருக்காங்க. பக்கத்துலதான். இரு, குடுக்குறேன்."

"வேணாம். குடுக்காதீங்க." மூச்சு வாங்கினான். "ஷானிக்கா போட்டிருந்ததை ராத்திரி வேலை முடிஞ்சு பஸ்ல வரும்போது பாத்தேன். எல்லாரும் சிரிக்கிறாங்க. எவனோ வாளியைத் தட்டுறான். எங்கப்பா கல்லுக்கு வாளியா சார்?"

"வீடே கடல்ல போயிடும்னு பயந்துதான்..."

"தெரியும். இங்கயும் டிவி இருக்கு. அதெல்லாம் எனக்குத் தெரியும். நான் கூப்புடுற வரைக்கும் இருந்திருக்கலாம்ல?"

"அவங்க கூப்பிட்டாங்கப்பா. எத்தனை தடவை! நீ எடுக்கல."

"குளிர் ரூமுக்குள்ள போன் விடமாட்டாங்கன்னு அவங்களுக்குத் தெரியாதா?" அந்தப் பக்கத்தில் ஒரு சின்னப் பெண் ஏதோ கேட்டாள். அவளிடம் அமைதியாகப் பதில் சொன்னான். மறுபடி என் பக்கம் வந்து மூக்கை உறிஞ்சினான்.

"கல்லுல உன் பேரு இருக்கு கெண்டல்" என்றேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

"பேரு இருக்கு சார். நான் இனிமே வரமாட்டேன்னு அவங்க முடிவு பண்ணிட்டாங்க. அதானே?"

வைத்துவிட்டான்.

ரூத்லின் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவன்தானே?"

"ஆமா. நல்லாருக்கீங்களான்னு கேட்டான்."

"அதுக்கு எதுக்கு உங்க முகம் இப்படி இருக்கு?"

அவளிடம் மறைக்க என்னால் முடிந்ததில்லை. அவன் சொன்னதை அப்படியே சொன்னேன், கடைசி வாக்கியம் உட்பட. அவள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். கேட்டு முடித்ததும் ஏப்ரனில் கையைத் துடைத்தாள். கை ஈரமாக இல்லை. தன் போனை எடுத்துப் போட்டாள்.

அடித்து நின்றது.

"கோவத்துல இருக்கான். ஆறட்டும் ரூத்து" என்றாள் எல்மீனா. "ஆறினதும் அவனே கூப்புடுவான்."

"அவன் ஆறுற வரைக்கும் மேட்டுல அந்தக் கம்பம் நிக்குமா எல்மீனா?"

போன் டவர் கம்பம் பள்ளிக்குப் பின்னால்தான் இருந்தது. அதன் கம்பிகள் ஊளையிடுகிற சத்தம் எங்களுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. போனில் சிக்னல் கோடு ஒன்று வந்தது, போனது, மறுபடி வந்தது. சமையலறைப் பக்கம் கூரையின் ஒரு மூலை படபடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. பிள்ளைகளை நடுக் கூடத்துக்கு இழுத்துக்கொண்டார்கள். ஆஸ்பர்ட்டும் இன்னும் சிலரும் கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றார்கள். யாரோ சத்தமாக ஜெபம் சொன்னார்கள். வார்த்தைகளைக் காற்று எடுத்துக்கொண்டு போயிற்று.

ரூத்லின் இன்னொரு முறை எண்ணை அழுத்தினாள். காதில் வைத்தால் கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டு, இரண்டு கையாலும் கிண்ணம் போலப் பொத்திப் பிடித்துக்கொண்டாள். ட்ரிங், ட்ரிங் என்று புரூக்ளினில் ஏதோ ஒரு வீட்டு மேசையில் அது அடித்தது. எடுத்ததும் சொல்ல வேண்டியதை மறந்துவிடக்கூடாதென்று அவள் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குனிந்து காது கொடுத்தேன்.

"உங்கப்பாவைத்தான்டா போகச் சொன்னேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "உன்னை வரவேணாம்னு சொல்லல. உங்கப்பாவைத்தான்டா போகச் சொன்னேன்."

கதவு ஒரு முறை உள்பக்கமாக வளைந்து நிமிர்ந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கைகளுக்குள் போன் அடித்துக்கொண்டே இருந்தது.